நெட்லோகோவில் முகவர்களை உருவாக்கும்போது எழும் சூழல் பிழைகள்: அறிகுறியிலிருந்து தீர்வுக்கு

முகவர்களைக் கொண்டு மாதிரிகள் உருவாக்கும் நிரல்மொழியான நெட்லோகோவில் மாதிரி எழுதத் தொடங்கும் எவரும் முதல் வாரத்துக்குள் சந்தித்துவிடும் பிழைச்செய்தி ஒன்று உண்டு. "கிரியேட்-டர்ட்டில்ஸ் கட்டளையை டர்ட்டில் சூழலில் பயன்படுத்த முடியாது, அது அப்சர்வருக்கு மட்டும் உரியது" என்பது அதன் பொருள். செய்தி துல்லியமானதுதான். ஆனால் அது சுட்டிக்காட்டும் சொல்லில் பெரும்பாலும் தவறு இருப்பதில்லை; அந்தச் சொல்லைச் சூழ்ந்திருக்கும் சதுர அடைப்பிலோ, அந்த வரியை அழைத்த வேறொரு செயல்முறையிலோதான் இருக்கும். சுட்டிக்காட்டப்பட்ட சொல்லை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரு பிழையை நீக்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை உள்ளே விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்த வழிமுறையை அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

நிரல் வரிகளை இங்கே ஒலிபெயர்ப்பில் தந்திருக்கிறேன். மென்பொருளில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

## முதலில்: இந்த வரியை இயக்குவது யார்?

தொடக்ககால லோகோ மொழியில் திரையில் இருந்தது ஒரே ஓர் ஆமை. "முன்னே போ" என்று எழுதினால் யார் போக வேண்டும் என்ற கேள்விக்கே இடமில்லை. லோகோவின் வழியில் வந்து, 1999இல் யூரி விலென்ஸ்கியால் உருவாக்கப்பட்ட நெட்லோகோவில் ஆயிரக்கணக்கான டர்ட்டில்கள், அவற்றின் காலடியில் நிலத்துண்டுகளாக விரிந்திருக்கும் பேட்ச்கள், டர்ட்டில்களை இணைக்கும் லிங்க்குகள், இவை எல்லாவற்றையும் வெளியிலிருந்து பார்க்கும் ஓர் அப்சர்வர் என நான்கு வகை முகவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நிரலின் ஒவ்வொரு வரியும் இந்த நால்வரில் ஒருவரால் இயக்கப்படுகிறது. அந்த ஒருவர் யார் என்பதையே சூழல் என்கிறோம்.

புதிய டர்ட்டிலை உருவாக்கும் உரிமை மூன்று வகையினருக்கு உண்டு, ஆனால் ஒவ்வொருவருக்கும் கட்டளை வேறு. அப்சர்வருக்குக் கிரியேட்-டர்ட்டில்ஸ், பேட்ச்சுக்கு ஸ்ப்ரௌட், டர்ட்டிலுக்கு ஹேட்ச். லிங்க்கை உருவாக்கும் கிரியேட்-லிங்க்-வித் போன்ற கட்டளைகள் டர்ட்டிலுக்கு மட்டுமே உரியவை. பெயர்களே பொருளைச் சொல்லிவிடுகின்றன: வெளியிலிருப்பவர் படைக்கிறார், நிலத்திலிருந்து முளைக்கிறது, தாயிடமிருந்து பொரிந்து வெளிவருகிறது.

சூழல் மாறும் இடங்களும் எண்ணிக்கையில் குறைவு. மற்ற முகவர்களிடம் ஒன்றைச் செய்யச் சொல்லும் ஆஸ்க்கைத் தொடரும் சதுர அடைப்பு, மேற்சொன்ன உருவாக்கும் கட்டளைகளைத் தொடரும் சதுர அடைப்பு, ஆஃப், வித் ஆகியவற்றோடு வரும் சதுர அடைப்பு ஆகியவையே முக்கியமானவை. இஃப், ரிப்பீட், வைல் ஆகியவற்றின் அடைப்புகள் சூழலை மாற்றுவதில்லை. பிழை வந்தவுடன் நான் செய்யும் முதல் வேலை, பிழைச்சொல்லிலிருந்து மேல்நோக்கிப் போய், இன்னும் மூடப்படாத சதுர அடைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதைத் திறந்தது எந்தக் கட்டளை என்று கண்டறிவதுதான். அடைப்பின் அருகே கர்சரை வைத்தால் அதன் இணை எங்கே மூடுகிறது என்பதை நெட்லோகோவின் எடிட்டரே காட்டிவிடும்.

## அறிகுறி: உருவாக்கும் கட்டளை "அப்சர்வருக்கு மட்டும் உரியது" என்று செய்தி வருகிறது

பெரும்பாலும் காணக்கூடிய வடிவம் இது:

டு செட்டப்
  கிளியர்-ஆல்
  ஆஸ்க் பேட்சஸ் [
    செட் பிகலர் கிரீன்
    கிரியேட்-டர்ட்டில்ஸ் 100 [ செட் கலர் வொயிட் ]
  ]
  ரீசெட்-டிக்ஸ்
எண்ட்

எழுதியவர் நினைத்தது, நிலத்தைப் பச்சையாக்கிவிட்டு நூறு டர்ட்டில்களை உருவாக்க வேண்டும் என்பது. எழுதியிருப்பதோ, ஒவ்வொரு பேட்ச்சும் தன்னைப் பச்சையாக்கிக்கொண்டு, பிறகு நூறு டர்ட்டில்களை உருவாக்க வேண்டும் என்பது. சரியான தீர்வு எளிது: மூடும் அடைப்பை ஒரு வரி மேலே நகர்த்தி, கிரியேட்-டர்ட்டில்ஸ் வரியை ஆஸ்க்குக்கு வெளியே கொண்டுவர வேண்டும்.

டு செட்டப்
  கிளியர்-ஆல்
  ஆஸ்க் பேட்சஸ் [ செட் பிகலர் கிரீன் ]
  கிரியேட்-டர்ட்டில்ஸ் 100 [
    செட் கலர் வொயிட்
    செட்எக்ஸ்ஒய் ரேண்டம்-எக்ஸ்கார் ரேண்டம்-ஒய்கார்
  ]
  ரீசெட்-டிக்ஸ்
எண்ட்

இடத்தைக் குறிக்கும் வரியை நான் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கிரியேட்-டர்ட்டில்ஸால் உருவாகும் எல்லா டர்ட்டில்களும் உலகின் மையப் புள்ளியில்தான் பிறக்கின்றன. அந்த வரி இல்லாவிட்டால் நூறும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று ஒரே டர்ட்டில் போலத் தெரியும், பிழை இன்னும் தீரவில்லை என்ற மயக்கமும் வரும்.

இந்த இடத்தில் பலர் வேறொரு வழியை எடுக்கிறார்கள். பேட்ச் சூழலில் கிரியேட் கூடாது, ஸ்ப்ரௌட் கூடும் என்று படித்ததும், அடைப்பைத் தொடாமல் சொல்லை மட்டும் மாற்றி, ஸ்ப்ரௌட் 100 என்று எழுதுகிறார்கள். கம்பைலர், அதாவது நிரலை ஓட்டுவதற்கு முன் சரிபார்க்கும் பகுதி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் மைனஸ் 16 முதல் 16 வரையிலான இயல்பான உலகத்தில் 33 × 33, அதாவது 1,089 பேட்ச்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நூறு டர்ட்டில்களை முளைக்க வைத்தால் 1,08,900 டர்ட்டில்கள் வந்து நிற்கும். மாதிரி மெதுவாவதைக் கண்டு கணினியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். இதே தவறு சிறிய எண்களோடு நடந்தால் இன்னும் மோசம்: ஸ்ப்ரௌட் 1 என்றிருந்தால் 1,089 டர்ட்டில்கள் திரையை நிரப்புவதை அடர்த்தியான மக்கள்தொகை என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் முடிவுகளை எழுதவும் கூடும். கம்பைலர் வாய்மூடிவிட்டதாலேயே மாதிரி சரியாகிவிட்டதாக ஆகாது. எந்தத் திருத்தத்துக்குப் பின்னும் கமாண்ட் சென்டரில் (கட்டளைகளை நேரடியாகத் தட்டச்சு செய்து இயக்கும் பெட்டி) டர்ட்டில்களின் எண்ணிக்கையை ஒருமுறை அச்சிட்டு, எதிர்பார்த்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உண்மையிலேயே வெவ்வேறு பேட்ச்களில் ஒன்றுக்கு ஒன்றாக நூறு டர்ட்டில்கள் வேண்டும் என்றால் ஸ்ப்ரௌட்தான் பொருத்தம்; அப்போது ஆஸ்க் என்-ஆஃப் 100 பேட்சஸ் [ ஸ்ப்ரௌட் 1 ] என்று எழுத வேண்டும். இருக்கும் பேட்ச்களைவிட அதிகமாகக் கேட்டால் என்-ஆஃப் இயக்க நேரத்தில் பிழை தரும்.

## அறிகுறி: நான் எழுதிய செயல்முறையின் பெயரையே பிழை என்கிறது

"ரீப்ரொட்யூஸ் செயல்முறையை டர்ட்டில் சூழலில் பயன்படுத்த முடியாது, அது அப்சர்வருக்கு மட்டும் உரியது" என்ற செய்தியைக் கண்டு, "நான் எங்கே அப்படிச் சொன்னேன்?" என்று திகைப்பவர்கள் பலர். நாம் சொல்லவில்லை, கம்பைலர் தானே கணித்திருக்கிறது. ஒவ்வொரு செயல்முறைக்குள்ளும் இருக்கும் கட்டளைகளைப் பார்த்து, அவை அனைத்தையும் இயக்கக்கூடிய முகவர் வகை எது என்று அது முடிவு செய்கிறது. உள்ளே ஒரு கிரியேட்-டர்ட்டில்ஸ் இருந்தால் போதும், செயல்முறை முழுவதும் அப்சர்வருக்கு உரியதாகிவிடும். அதை அழைக்கும் இன்னொரு செயல்முறையும், அதை அழைக்கும் மற்றொன்றும் அவ்வாறே ஆகும். ஆகவே பிழை காட்டப்படும் இடத்துக்கும் பிழை விதைக்கப்பட்ட இடத்துக்கும் நடுவே இரண்டு மூன்று செயல்முறைகள் இருக்கலாம்.

என் மாதிரி ஒன்றில் இப்படித்தான் ஒரு மாலைப்பொழுது போயிற்று. ஆஸ்க் டர்ட்டில்ஸ் [ மூவ் ] என்று அழைக்கப்பட்ட மூவ் செயல்முறையில், ஈட் என்ற வரியில் பிழை. மூவ் செயல்முறைக்குள் இருந்தது ஃபார்வேர்ட் 1 என்ற வரியும், ஈட் என்ற செயல்முறைக்கான அழைப்பும் மட்டுமே. ஈட்டுக்குள் போனால் அங்கே செக்-பர்த் என்று இன்னொன்று. அதற்குள், பல நாள் முன்பு ஏதோ சோதனைக்காக நான் எழுதி மறந்துபோன ஒரு டிக். காலத்தை ஓர் அலகு நகர்த்தும் டிக், உலகைத் துடைக்கும் கிளியர்-ஆல், கடிகாரத்தைத் தொடங்கும் ரீசெட்-டிக்ஸ் ஆகிய மூன்றும் அப்சர்வருக்கு மட்டும் உரியவை. அவற்றுக்கு உரிய இடம் மாதிரியைத் தயார்செய்யும் செட்டப்பும், அதை ஒவ்வொரு படியாக ஓட்டும் கோவும்தான்.

தேடும் முறை இது. குற்றம் சாட்டப்பட்ட செயல்முறையைத் திறந்து, உருவாக்கும் கட்டளைகளையும் இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அது அழைக்கும் செயல்முறைகளுக்குள் போங்கள். அப்படியும் தெளிவாகவில்லை என்றால், ஐயத்துக்குரிய வரியின் முன்னே அரைப்புள்ளி இட்டு அதைக் குறிப்பாக்கிவிட்டு, அந்த இடத்தில் ஷோ கட்டளையால் ஏதேனும் ஒரு எண்ணை அச்சிடச் சொல்லுங்கள். ஷோவை எந்த முகவரும் இயக்கலாம். அது அச்சிடும்போது எண்ணுக்கு முன்னால் தன்னை இயக்கிய முகவரின் பெயரையும் சேர்த்தே அச்சிடும். டர்ட்டில் 5 என்று வருகிறதா, அப்சர்வர் என்று வருகிறதா என்று பார்த்தால், அந்த வரியை இயக்குவது யார் என்ற கேள்விக்கு நிரலே பதில் சொல்லிவிடும்.

காரணம் கிரியேட்-டர்ட்டில்ஸ்தான் என்று தெரிந்தபின் தீர்வைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் வேண்டும். ஒரு டர்ட்டில் இன்னொன்றை ஈனுகிறது என்பதே மாதிரியின் கருத்து என்றால் ஹேட்ச் பயன்படுத்துங்கள். ஆனால் ஹேட்ச்சில் பிறப்பது தாயின் இடம், நிறம், ஆற்றல், வயது உட்பட, அடையாள எண் தவிர்த்த எல்லா மாறிகளையும் அப்படியே பெற்றுக்கொண்டு பிறக்கிறது. வயது 40 உள்ள தாய்க்குப் பிறந்த குட்டியின் வயதும் 40 ஆக இருக்கும். அடைப்புக்குள் செட் ஏஜ் 0 என்று நீங்கள் எழுதினாலொழிய மாறாது. ஆற்றலும் அவ்வாறே. ஹேட்ச் 1 [ செட் எனர்ஜி எனர்ஜி / 2 ] என்று எழுதினால் குட்டியின் ஆற்றல் மட்டுமே பாதியாகும். தாயிடம் முழு ஆற்றலும் இருக்கும். ஒவ்வொரு பிறப்பிலும் இல்லாத ஆற்றல் எங்கிருந்தோ உலகுக்குள் வந்துகொண்டே இருக்கும். நெட்லோகோவுடன் வரும் மாதிரித் தொகுப்பில் உள்ள ஓநாய்–ஆடு மாதிரியில் ஆற்றலைப் பாதியாக்கும் வரி ஹேட்ச்சுக்கு முன்னால் இருப்பதற்குக் காரணம் இதுதான்: முதலில் தாய் தன் ஆற்றலைப் பாதியாக்கிக்கொள்கிறது, பிறகு அந்தப் பாதியைக் குட்டி மரபாகப் பெறுகிறது.

தாயின் பண்புகள் எதுவும் வேண்டாம், அதே இடத்தில் புதிய முகவர் மட்டும் வேண்டும் என்றால், டர்ட்டில் தன் காலடி நிலத்தைக் கேட்டுக்கொள்ளலாம்:

லெட் மதர் செல்ஃப்
ஆஸ்க் பேட்ச்-ஹியர் [
  ஸ்ப்ரௌட் 1 [ கிரியேட்-லிங்க்-வித் மதர் ]
]

வெளியிலிருந்து வருபவர்களை, அதாவது குடியேறிகளையோ புதிய வாடிக்கையாளர்களையோ சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் ஹேட்ச்சும் வேண்டாம், ஸ்ப்ரௌட்டும் வேண்டாம். எத்தனை பேர் வர வேண்டும் என்பதை ஒரு குளோபல் மாறியில் டர்ட்டில்கள் கூட்டி வைக்கட்டும். கோ செயல்முறையின் இறுதியில் அப்சர்வர் அந்த எண்ணிக்கையில் கிரியேட்-டர்ட்டில்ஸை இயக்கிவிட்டு, மாறியைச் சுழியமாக்கட்டும்.

## அறிகுறி: கலர், சைஸ் போன்றவற்றை அப்சர்வர் சூழலில் பயன்படுத்த முடியாது என்கிறது

டர்ட்டிலை உருவாக்கும் வரி சரியாக இருக்கிறது. அடுத்த வரியில் பிழை.

கிரியேட்-டர்ட்டில்ஸ் 100
செட் கலர் ரெட்

இரண்டாவது வரியை இயக்குவது அப்சர்வர். அப்சர்வருக்கு நிறம் இல்லை. அதை முதல் வரியோடு சேர்த்துச் சதுர அடைப்புக்குள் வைத்தால் புதிதாகப் பிறந்த நூறும் அதை இயக்கும். பின்னால் ஆஸ்க் டர்ட்டில்ஸ் [ செட் கலர் ரெட் ] என்று எழுதினாலும் பிழை போய்விடும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் இப்போது பிறந்தவை மட்டும் சிவப்பாகும். பின்னதில் ஏற்கெனவே இருந்தவையும் சேர்ந்து சிவப்பாகும். செட்டப்பில் வேறுபாடு தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் மாதிரியில் ஒவ்வொரு முறையும் எல்லோருடைய மாறிகளும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும்.

பேட்ச் சூழலில் கலர் என்று எழுதினாலும் இதே செய்தி வரும். டர்ட்டில் தான் நிற்கும் பேட்ச்சின் மாறிகளை நேரடியாகப் படிக்கலாம், மாற்றலாம். பேட்ச் தன்மேல் நிற்கும் டர்ட்டிலின் மாறிகளை அப்படித் தொட முடியாது, ஏனெனில் அதன்மேல் ஒன்றும் நிற்காமலும் இருக்கலாம், பத்தும் நிற்கலாம். ஆஸ்க் டர்ட்டில்ஸ்-ஹியர் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

ஹேட்ச், ஸ்ப்ரௌட் ஆகியவற்றை அப்சர்வர் சூழலில் எழுதியதாக வரும் பிழைக்குக் காரணம் பெரும்பாலும் ஆஸ்க் விடுபட்டிருப்பதே. யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டால் தீர்ந்துவிடும்.

## அறிகுறி: நிரல் பக்கத்தில் பிழை இல்லை, பொத்தான் மட்டும் சிவப்பாகிறது

பொத்தானை உருவாக்கும் பெட்டியில் அதன் கட்டளைகளை எந்த முகவர் இயக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. அதில் அப்சர்வருக்குப் பதிலாக டர்ட்டில்ஸ் தேர்வாகியிருந்தால், சரியாக எழுதப்பட்ட செட்டப்பும் டர்ட்டில் சூழலில் பிழையாகும். கமாண்ட் சென்டரிலும் அப்படியே. அங்கே டேப் விசையை அழுத்தினால் முகவர் வகை மாறிவிடும் என்பதால் தெரியாமலேயே மாறியிருக்கலாம். ஒரு டர்ட்டிலை இன்ஸ்பெக்ட் செய்து திறக்கும் சாளரத்தின் கட்டளைப் பெட்டியும் அந்த டர்ட்டிலின் சூழலிலேயே இயங்கும்.

## அறிகுறி: "எல்லா டர்ட்டில்களையும் அப்சர்வர் மட்டுமே கேட்க முடியும்"

இது இயக்க நேரத்தில் வரும் பிழை. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைக்க முயலும்போது அடிக்கடி வரும்:

கிரியேட்-டர்ட்டில்ஸ் 20 [
  ஆஸ்க் டர்ட்டில்ஸ் [ கிரியேட்-லிங்க்-வித் மைசெல்ஃப் ]
]

இந்தத் தடை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. எல்லா டர்ட்டில்களும் எல்லா டர்ட்டில்களையும் கேட்கும் நிலை பெரும்பாலும் கவனக்குறைவால் நேர்வது. ஆயிரம் டர்ட்டில்கள் என்றால் பத்து லட்சம் இயக்கங்கள். டர்ட்டில்ஸ் வித் [ ட்ரூ ] என்று எழுதித் தடையைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றாலும், இங்கே அது இன்னொரு பிழையில்தான் கொண்டுபோய் விடும்: அந்தக் கூட்டத்தில் கேட்பவரும் இருப்பதால் டர்ட்டில் தன்னையே தன்னோடு இணைக்க முயலும், அது அனுமதிக்கப்படுவதில்லை. ஆஸ்க் வரியை முழுவதும் நீக்கிவிட்டு, கிரியேட்-லிங்க்ஸ்-வித் அதர் டர்ட்டில்ஸ் என்று எழுதுவதே நேரான தீர்வு. அதர் என்ற ஒரு சொல் கேட்பவரை விலக்கிவிடுகிறது.

## அறிகுறி: "மைசெல்ஃப் குறிப்பதற்கு முகவர் இல்லை"

செல்ஃப் என்பது இந்த வரியை இயக்குபவர்; மைசெல்ஃப் என்பது இயக்கும்படி அவரைக் கேட்டவர். ஹேட்ச்சின் அடைப்புக்குள் மைசெல்ஃப் என்றால் தாய். ஸ்ப்ரௌட்டின் அடைப்புக்குள் பேட்ச். அப்சர்வர் இயக்கும் கிரியேட்-டர்ட்டில்ஸின் அடைப்புக்குள் கேட்டவர் அப்சர்வர். அவரை மைசெல்ஃப் குறிக்காது, ஆகவே பிழை. ஹேட்ச்சுக்காக எழுதிய அடைப்பை அப்படியே நகலெடுத்துக் கிரியேட்டோடு ஒட்டும்போது இது தவறாமல் வரும். தேவையான மதிப்பை முன்கூட்டியே லெட் மூலம் ஒரு பெயரில் வைத்துக்கொண்டால், உள் அடைப்புகளிலும் அந்தப் பெயர் செல்லும்; மேலே மதர் என்ற பெயரை நான் பயன்படுத்தியது அதற்காகவே. ஆஸ்க்குக்குள் ஆஸ்க் என்று இரண்டு அடுக்குகளுக்கு மேல் போகும் நிரலில் மைசெல்ஃபை நான் பயன்படுத்துவதே இல்லை.

## அறிகுறி: இந்த இனத்துக்கு அந்த மாறி சொந்தமில்லை

எனர்ஜி ஓநாய் இனத்துக்கு மட்டும் உரிய மாறி என்னும் பொருளில் வுல்வ்ஸ்-ஓன் [ எனர்ஜி ] என்று அறிவித்துவிட்டு, கிரியேட்-டர்ட்டில்ஸ் 10 [ செட் எனர்ஜி 5 ] என்று எழுதினால், கம்பைலர் ஏற்றுக்கொண்டாலும் ஓட்டும்போது பிழை வரும். பிறந்தவை பொதுவான டர்ட்டில்கள், ஓநாய்கள் அல்ல. கிரியேட்-வுல்வ்ஸ் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு பிரீட் (இனம்) அறிவிப்புக்கும் கிரியேட், ஹேட்ச், ஸ்ப்ரௌட் ஆகிய மூன்று வடிவங்களும் தாமாகவே கிடைக்கின்றன. அவற்றின் சூழல் விதிகள் மூலக் கட்டளைகளுக்கு உள்ளவையே.

## அறிகுறி: சில நேரம் ஓடுகிறது, சில நேரம் நிற்கிறது

யாரைக் கேட்கிறோம் என்பது ஒரு மாறிக்குள் மறைந்திருந்தால், கம்பைலரால் அதன் வகையை முன்கூட்டியே அறிய முடியாது. சரிபார்ப்பு இயக்க நேரத்துக்குத் தள்ளிப்போகிறது.

லெட் டார்கெட் ஒன்-ஆஃப் நெய்பர்ஸ்
ஆஸ்க் டார்கெட் [ ஹேட்ச் 1 ]

நெய்பர்ஸ் தருவது சுற்றியுள்ள பேட்ச்களை. அருகிலுள்ள டர்ட்டில்களை அல்ல. அந்த வரியை அடையும்வரை மாதிரி ஓடும். அடைந்ததும், இந்த நிரலைப் பேட்ச் இயக்க முடியாது என்று நிற்கும். பிறப்பு நிகழ்தகவைப் பொறுத்த மாதிரியில் அது முதல் டிக்கிலும் வரலாம், நூறாவதிலும் வரலாம். பக்கத்து நிலத்தில் புதிதாக ஒன்று வேண்டும் என்றால் ஸ்ப்ரௌட் 1 என்று மாற்றுங்கள். பக்கத்தில் நிற்கும் டர்ட்டில் ஈன வேண்டும் என்றால் ஒன்-ஆஃப் டர்ட்டில்ஸ்-ஆன் நெய்பர்ஸ் என்று எழுதுங்கள். பக்கத்தில் யாருமே இல்லாத நேரத்தில் அது நோபடி என்ற மதிப்பைத் தரும், நோபடியை ஆஸ்க் செய்தால் மாதிரி மறுபடியும் நின்றுவிடும் என்பதால், ஆஸ்க்குக்கு முன் இஃப் டார்கெட் != நோபடி என்ற சோதனையையும் சேர்த்தே எழுதுங்கள்.